அமினோ அமிலத்தை வளையமாக்கியவர்கள்: திருகோணமலை அனுபவங்கள்

உவர்மலை வாசி

பல்லினவட்டச் சேர்வை (காபனோடு நைதரசன், ஒட்சிசன் போன்ற வேறு அணுவும் உள்ள வளையச் சேர்வை) என்றதும் பிரிடீன், பிரோல், இந்தோல் என்று பெயர்களைப் பாடமாக்கியதுதான் பலருக்கு ஞாபகம் வரும். அமினோ அமிலம் வேறு எங்கோ ஓர் அத்தியாயத்தில் கிடக்கும். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரே மூலக்கூறில் அமீனும் இருக்கிறது, அமிலமும் இருக்கிறது. நீரை வெளியே எடுத்துவிட்டால் நைதரசனையும் சேர்த்துக்கொண்டு வளையம் மூடும். கேட்க இலகுதான். கடற்காற்றில் உப்புப் போத்தலே கசியும் ஊரில் நீரை வெளியே எடுப்பது என்ன பாடு என்று செய்தவர்களுக்குத் தெரியும். கையால் செய்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், மூக்கால் பிடித்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

நான் செய்தது அஸ்லக்டோன், இப்படி மூடிய வளையங்களில் ஒன்று. படித்த இடத்தின் பெயர் வேண்டாம், காரணம் கீழே வரும். கிளைசீனின் அமீனில் பென்சோயில் கூட்டத்தை ஏற்றினால் ஹிப்பூரிக் அமிலம். 1829 இல் லீபிக் இதைக் குதிரை மூத்திரத்தில் கண்டார். நாமும் சளைத்தவர்கள் இல்லை: சோஸ், கோடியல் போத்தல்களில் போடும் சோடியம் பென்சோவேற்றை எங்கள் ஈரல் கிளைசீனோடு சேர்த்து இதே அமிலமாகத்தான் வெளியே அனுப்புகிறது.

அந்த ஹிப்பூரிக் அமிலத்தோடு பென்சல்டிகைட்டு, உருக்கி உலர்த்திய சோடியம் அசற்றேற்று, அசற்றிக் நீரிலி. எல்லாவற்றையும் கூம்புக் குடுவையில் சூடாக்கினால் முதலில் மொத்தமும் இறுகிக் கட்டியாகும். போச்சு என்று நினைக்கும்போதே ஓரத்திலிருந்து இளகத் தொடங்கி, தெளிந்த கடும் மஞ்சளாக மாறும். பிறகு இரண்டு மணிநேரம் கொதிநீர்த்தொட்டியில். எதனோலை மெல்ல விட்டு ஓர் இரவு வைத்தால் அடியில் மஞ்சள் பளிங்குகள். குளிர்ந்த எதனோலாலும் கடைசியில் கொதிநீராலும் கழுவ வேண்டும். உருகுநிலை 165 பாகைக்குச் சற்று மேலே நிற்கும்.

நடப்பது இவ்வளவுதான். நீரிலி அமிலக் கூட்டத்திலிருந்து நீரைப் பறிக்கிறது. பென்சோயிலின் ஒட்சிசன் திரும்பி வந்து அந்தக் காபனில் ஒட்ட, ஓர் ஒட்சிசனும் ஒரு நைதரசனும் உள்ள ஐந்துறுப்பு வளையம் உருவாகிறது. வளையத்தில் மிஞ்சிய CH₂ இப்போது ஐதரசனைச் சுலபமாக விடும் நிலையில் இருப்பதால் பென்சல்டிகைட்டு வந்து பூட்டிக்கொள்கிறது. இன்னொரு நீர் போகிறது. 1883 இல் பிளோஹ்ல் தொடங்கியதை 1893 இல் எர்லன்மையர் விளக்கினார். கூம்புக் குடுவையைத் தந்த எர்லன்மையர் இவரில்லை, இவருடைய அப்பா. பரீட்சைக்குத் தேவையில்லாத தகவல், ஆனால் எனக்குப் பிடித்தது.

எங்கள் ஆய்வுகூடத்தில் இந்தப் பரிசோதனையை மார்கழியில் போட்டார்கள். வாடைக்காற்று, விடாத மழை. எத்தனை பேர் திறந்து மூடிய போத்தலோ தெரியாது, நீரிலியில் பாதி சும்மா அசற்றிக்கமிலமாகிக் கிடந்தது. வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு வெளிறிய பிசின்தான் மிச்சம். புதுப் போத்தல் கேட்டால் அனுமதி வரவேண்டும் என்றார்கள். அது நியாயம்தான், அசற்றிக் நீரிலி 1988 ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கையில் முதலாம் அட்டவணைப் பொருள், கண்டபடி வாங்க முடியாது. ஆனால் இருந்த போத்தலை ஒழுங்காக மூடி வைக்க யாருடைய அனுமதி தேவைப்பட்டது? பரிசோதனை காட்டும் அண்ணா ஒருவர் இருந்தார். “கச்சான் காத்து வரட்டும் தம்பி, அப்ப செய்வம்” என்றார். ஆடியில், அந்த வறண்ட காற்று வீசும்போது, புதுப் போத்தலோடு செய்தோம். வடிதாள் நிறைய மஞ்சள்.

பாலையூற்று

அப்ப இதையும் சேர்க்கலாமா? வெயிலில் கிடந்த சூரை மீனை வாங்கிச் சமைத்து, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. டொக்டர் ஹிஸ்டமீன் என்றார். அது வளையம் உள்ள சேர்வைதானே?

உவர்மலை வாசி

வளையம் உண்டு, ஆனால் அங்கே செய்யப்படவில்லை. மீனில் உள்ள ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலம் பிறக்கும்போதே இமிடசோல் என்ற நைதரசன் வளையத்தோடு பிறந்தது. ஐஸ் போடாத மீனில் பற்றீரியா பெருகி அதன் காபொட்சைல் கூட்டத்தை மட்டும் கழற்றிவிடுகிறது. உருவான ஹிஸ்டமீன் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழியாது. நல்லா வேகவைத்தேன் என்பதில் பிரயோசனம் இல்லை, அடுத்த முறை ஐஸில் கிடந்த மீனாக வாங்குங்கள்.

சீனக்குடா பேக்கரி

நான் இரசாயனம் படித்தவன் இல்லை. போறணைக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். தங்கச்சி கம்பஸில் படிக்கும்போது சொன்னாள், பாண் தோலின் வாசத்துக்கும் ரம்பை இலையின் வாசத்துக்கும் காரணம் ஒரே பொருள், 2-அசற்றைல்-1-பிரோலீன் என்று. நம்பவில்லை. அவளே ஒரு ரம்பை இலையைக் கசக்கி ஒரு கையிலும், சூடான அச்சுப்பாணின் கரை ஒன்றை மறுகையிலும் தந்து கண்ணை மூடச் சொன்னாள். ஒன்றேதான் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் உறவு தெரிகிறது. பாஸ்மதிச் சோற்றிலும் அதுதானாம். நீரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியுமாம்.

மாவில் உள்ள புரோலீன் என்ற அமினோ அமிலம் சூட்டில் சீனியோடு சேர்ந்து காபனீரொட்சைட்டை விட்டு இப்படி மாறுகிறதாம். நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த வாசம் தோலில்தான், உள்ளே வெள்ளைப் பகுதியில் இல்லை. உள்ளே ஈரம் இருக்கும்வரை சூடு 100 பாகையைத் தாண்டாது, தோல் காய்ந்த பிறகுதான் அதற்கு மேல் ஏறும் என்றாள். மேலே எழுதியவரும் நீர் போகவேண்டும் என்றுதானே சொல்கிறார்! ரம்பைக்கு மட்டும் அடுப்பே வேண்டாம், இலை உயிரோடு இருக்கும்போதே செய்துவிடும். கடற்கரையில் கச்சான் வறுக்கும் வாசத்தில் இருப்பது பைரசீன், இரண்டு நைதரசன் உள்ள வளையம். அதுவும் அமினோ அமிலமும் சீனியும் சேர்ந்து செய்யும் வேலைதான். 1912 இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்தாராம்.

நிலாவெளி ரீச்சர்

பாடசாலையில் நீரிலிக்கு எங்கே போவது? நான் காட்டுவது குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தை வைத்து. 1.47 கிராம் நிறுத்து உலர்ந்த சோதனைக்குழாயில் போட்டு, வாய்ப்பக்கம் கொஞ்சம் தாழ்வாகச் சரித்துப் பிடிக்க வேண்டும். 200 பாகையை நெருங்கும்போது தூள் உருகிக் குமிழி விடும். குழாயின் வாயருகே சின்னச் சின்ன நீர்த்துளிகள் வந்து ஒட்டும். அதில் வெள்ளை நீரற்ற செப்புச் சல்பேற்றைத் தொட்டால் பிடித்த இடம் நீலம். தாக்கம் முழுதாக நடந்தால் 0.18 கிராம் குறைய வேண்டும், 147 பங்குக்குச் சரியாக 18 பங்கு நீர். குழாயில் மிஞ்சுவது பைரோகுளுட்டாமிக் அமிலம், ஐந்துறுப்பு லக்டம், அதாவது அமீனும் அமிலமும் தங்களுக்குள் பூட்டிக்கொண்ட வளையம். 1882 இலேயே ஹைற்றிங்கர் இப்படிச் சூடாக்கித்தான் கண்டுபிடித்தார்.

ஒரு பிள்ளை அஜினோமோட்டோ பக்கற்றோடு வந்தது. அது சோடியம் உப்பு, பளிங்குநீரும் கூடவே உண்டு. துளி வந்தாலும் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன்.

நீர் போகாமலும் வளையம் மூடும் என்பதையும் எழுதிவிடுகிறேன். மின்மினி ஒளிரக் காரணமான லூசிபெரினை ஆய்வுகூடத்தில் செய்வதற்குக் கடைசிப் படி, டி-சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை ஒரு நைத்திரைலோடு (CN கூட்டம் உள்ள சேர்வை) சேர்ப்பது. நீர் கலந்த கரைசலிலேயே, அறை வெப்பநிலையில், அமோனியாவை விட்டுவிட்டு வளையம் மூடுகிறது. மாரியானாலும் கோடையானாலும் அதற்கு ஒன்றுதான்.

இரண்டாம் ஷை

ரீச்சர், அதே சூட்டில் கிளைசீனைப் போட்டால்? ஒரு நீர் போனால் மூன்றுறுப்பு வளையம் வருமே, அது நிற்குமா?

நிலாவெளி ரீச்சர்

நிற்காது மகன். அதனால்தான் அது தனியாக மூடாமல் இன்னொரு கிளைசீனைப் பிடிக்கும். இரண்டு மூலக்கூறு, இரண்டு நீர், ஆறுறுப்பு வளையம், டைக்கீற்றோபிப்பரசீன் என்று பெயர். கோப்பிக்கொட்டை வறுக்கும்போதும் இந்த வகை வளையங்கள் வரும், கோப்பியின் கசப்பில் அவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் வெறும் கிளைசீனைக் குழாயில் போட்டு எரித்தால் கருகித்தான் போகும். எதிலீன் கிளைக்கோலில் போட்டு 175 பாகையளவில் மெதுவாகச் சூடாக்க வேண்டும். கிளைக்கோல் வாங்கித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் உனக்குத்தான் முதல் குழாய், முதலில் அந்தத் தராசுக்கு பற்றரி வாங்கிக்கொண்டு வா.