'கன்ஸ்மோக்'கில் ஜான் வெய்ன் நடித்தாரா?

பழைய அமெரிக்க வெஸ்டர்ன் (கௌபாய்) டிவி தொடர்களில் யார் நடித்தார் என்று நினைவு தடுமாறுவது அதிகம் நடப்பது 'கன்ஸ்மோக்'கில்தான். நாயகன் மார்ஷல் (சட்டக் காவல் அதிகாரி) மேட் டில்லனாக நடித்தது சினிமா நட்சத்திரம் ஜான் வெய்ன்தான் என்று அடித்துச் சொல்வார்கள். நடித்தவர் ஜேம்ஸ் ஆர்னெஸ். 1955 முதல் 1975 வரை, 635 அத்தியாயங்கள். ஆனாலும் வெய்னைப் பார்த்ததாகச் சொல்வது கற்பனை இல்லை. 1955 செப்டம்பரில் முதல் அத்தியாயம் தொடங்கும் முன் அவரே திரையில் வந்து தொடரை அறிமுகப்படுத்தினார்.

வில்லியம் கான்ராட் என்று யாராவது சொன்னால், கேட்டதா பார்த்ததா என்று விசாரியுங்கள். 1952 முதல் 1961 வரை வானொலியில் டில்லனின் குரல் அவருடையது. சில ஆண்டுகள் வானொலியிலும் டிவியிலும் தொடர் ஒரே காலத்தில் வந்ததால் இந்தக் குழப்பம்.

டில்லனின் உதவியாளர் யார் என்ற சண்டைக்கு வழி சுலபம். செஸ்டராக வந்த டென்னிஸ் வீவர் 1964-இல் விலகிவிட்டார். தொடர் வண்ணத்துக்கு மாறியது 1966-இல். ஆக, வண்ணத்தில் பார்த்த நினைவு என்றால் அது கென் கர்ட்டிஸின் ஃபெஸ்டஸ்.

*

மேலே எழுதியவரோடு உடன்படுகிறேன். இரண்டு பேர் வேறுவேறு பெயர் சொல்லி, இருவர் சொல்வதும் சரியாக இருக்கும் தொடர்களும் உண்டு, நண்பரே. 'வேகன் ட்ரெய்ன்' தொடரில் வண்டித் தொடரின் தலைவராக நடித்த வார்ட் பாண்ட் 1960 நவம்பரில் இறந்தார். அந்த இடத்துக்கு ஜான் மெக்கின்டையர் வந்தார். 'லோன் ரேஞ்சர்' இன்னும் சிக்கல். கிளேட்டன் மூருக்குப் பதில் நடுவில் ஜான் ஹார்ட் நடித்தார், பிறகு மூரே திரும்பினார். முகமூடி இருப்பதால் முகத்தை வைத்துப் பிடிக்க முடியாது, குரலைக் கவனியுங்கள்.

'ஷயான்' விஷயத்தில் பழியெல்லாம் தயாரிப்பு நிறுவனத்துக்குத்தான். 1958-இல் ஒப்பந்தத் தகராறில் நாயகன் கிளின்ட் வாக்கர் விலகி நிற்க, வார்னர் நிறுவனம் நடிகர் டை ஹார்டினை ப்ராங்கோ லேன் என்ற பாத்திரமாகக் கொண்டுவந்தது. வாக்கர் திரும்பிய பிறகு, 1960-61 பருவத்தில் ஷயான், ப்ராங்கோ, ஷுகர்ஃபூட் என்ற மூன்று தொடர்களும் ஒரே பொதுத் தலைப்பின்கீழ் மாறிமாறி ஒளிபரப்பாயின. டைட்டிலை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். கதாபாத்திரத்தின் பெயரைக் கேளுங்கள்.

*

'ராஹைட்' பற்றியும் சொல்ல வேண்டும். கிளின்ட் ஈஸ்ட்வுட் பிற்பாடு பெற்ற புகழால் அவர்தான் ஆரம்பத்திலிருந்தே நாயகன் என்று பலரும் நினைக்கிறார்கள். மந்தையை நடத்தும் தலைவர் கில் ஃபேவராக எரிக் ஃப்ளெமிங்தான் முதல் இடத்தில் இருந்தார். ஃப்ளெமிங் விலகிய பிறகு, 1965-இல் தொடங்கிய கடைசிப் பருவத்தில்தான் ஈஸ்ட்வுட்டின் ரௌடி யேட்ஸ் அந்தப் பொறுப்புக்கு வருகிறார். ஃப்ளெமிங்குக்குரிய இடத்தை நாம் கொடுத்தே ஆக வேண்டும்.

'மேவரிக்'கில் ஜேம்ஸ் பாண்ட் நடிகர் ரோஜர் மூரைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நாயகன் ஜேம்ஸ் கார்னர் தொடரை விட்டுப் போனபின், 1960-61 பருவத்தில் நாயகனின் ஒன்றுவிட்ட சகோதரன் 'போ' மேவரிக்காக வந்தது மூரேதான்.