அலியை இன்றைய மேடையில் ஏற்றினால்? பார்த்தவர்கள், பழகியவர்கள் எழுதுங்கள்

பெரம்பூரிலிருந்து:

1980-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குத்துச்சண்டை வீரர் முகமது அலி சென்னைக்கு வந்தார். பழைய நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. எம்.ஜி.ஆர். வந்திருந்தார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் எப்படியோ ஒரு டிக்கெட் தேடிப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அலிக்கு அப்போது 38 வயது. ஓய்வு அறிவித்திருந்தார், உடம்பும் கனத்திருந்தது. எல்லிஸ் அவருடைய சொந்த ஊரான லூயிவில்லில் சிறு வயது முதல் கூட வளர்ந்தவர், ஒரு காலத்தில் உலகச் சாம்பியன் பட்டம் வைத்திருந்தவர். இருவரும் ஒருவரை ஒருவர் காயப்படுத்த வரவில்லை என்பது கூட்டத்துக்கே தெரியும். ஆனாலும் அலி நகர ஆரம்பித்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

என் பக்கத்தில் ராயபுரத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். இளமையில் சார்பட்டா பரம்பரை என்ற வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுவுக்காக மேடை ஏறியவர், பழைய வீரர் கித்தேரி முத்துவின் சண்டையைப் பார்த்தவர். அவர் என்னிடம், "கையைப் பார்க்காதே தம்பி, குதிகாலைப் பார்" என்றார். பார்த்தேன். அந்த வயதிலும் அந்த எடையிலும் குதிகால் தரையில் பதியவே இல்லை. "இந்தக் கால் இருப்பவன் எந்தக் காலத்தில் பிறந்திருந்தாலும் ஜெயிப்பான்" என்று பெரியவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

அந்தத் தீர்ப்பை இன்று சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறேன். 1966 நவம்பரில், ஹூஸ்டனில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸை மூன்றாவது சுற்றில் முடித்த அலியை எடுத்துக்கொள்வோம். வயது 24, எடை சுமார் 96 கிலோ. என் கணக்கில் அதுதான் அலியின் உச்சம். அந்த அலியை இன்றைய ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) வீரர்கள் முன்னால் நிறுத்தினால் என்ன ஆகும்? டைசன் ஃபியூரியின் உயரம் 206 சென்டிமீட்டர், 2024 டிசம்பரில் எடை 127 கிலோவுக்கும் மேல். மேடை ஏறியவர்களும் பயிற்சி கொடுத்தவர்களும் கண்ணால் கண்டதை வைத்து எழுதுங்கள்.

காசிமேட்டிலிருந்து:

பெரம்பூர் அண்ணனுக்கு வணக்கம். நான் பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். எடையைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது வேறு, கயிற்றுக்குள் நடப்பது வேறு.

எங்களிடம் வேகமான பையன் ஒருவன் இருந்தான், எழுபது கிலோவுக்குள். மாநிலப் போட்டிக்கு முன்பு அவனைத் தொண்ணூறு கிலோ ஆள் ஒருவனோடு பயிற்சிக்கு விட்டேன். முதல் சுற்றில் பெரியவனால் இவனைத் தொடவே முடியவில்லை. இரண்டாவது சுற்றில் பெரியவன் குத்துவதை விட்டுவிட்டுக் கட்டிப் பிடித்தான். கழுத்தின்மேல் கையைப் போட்டுத் தன் முழு பாரத்தையும் சாய்த்தான். நான் விலக்கிவிட்டேன், மறுபடியும் பிடித்தான். மூன்றாவது சுற்றில் சின்னவனுக்குத் தலை தெளிவாகத்தான் இருந்தது, தொடைதான் போய்விட்டது. பெரிய உடம்பு இப்படித்தான் ஜெயிக்கும். ஃபியூரி இந்த வேலையில் கைதேர்ந்தவர்.

இன்னொன்று, இதே வேலையை அலியும் செய்தார். 1974 ஜனவரியில் தன் பெரிய போட்டியாளரான ஜோ ஃப்ரேசியருடன் நடந்த இரண்டாவது சண்டையில் சுற்றுக்குச் சுற்று பிடரியைப் பிடித்து இழுத்தே, நெருங்கி நின்று குத்தும் ஃப்ரேசியரின் உள்சண்டையை அடைத்துவிட்டார். தன்னைவிடக் குள்ளமான ஆளிடம் அது நடந்தது. தன்னைவிட ஒரு தலை உயரமான, முப்பது கிலோ கூடுதலான ஆளிடம் நடக்காது.

அப்படியென்றால் அலி தோற்பாரா? அவசரப்பட வேண்டாம். உக்ரைன் ஹெவிவெயிட் வீரர் ஒலெக்சாண்டர் உசிக்கைப் பாருங்கள். அலியின் உயரம் 191 சென்டிமீட்டர், உசிக்கும் அதேதான். கை வீச்சும் இருவருக்கும் ஒன்றுதான், 198 சென்டிமீட்டர். 2024 மே மாதம் ரியாத்தில் ஃபியூரியை உசிக் புள்ளிகளில் வென்றார். டிசம்பரில் மீண்டும் மோதியபோது எடை வித்தியாசம் சுமார் 25 கிலோ, மூன்று நடுவர்களும் உசிக் பக்கமே தீர்ப்புக் கொடுத்தார்கள். காரணம் கால். ஃபியூரி கட்டிப் பிடிக்க வரும் இடத்தில் உசிக் நிற்பதில்லை, பக்கவாட்டில் போய்விடுகிறார். ராயபுரத்துப் பெரியவர் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஆனால் அதே உசிக்கிடம்தான் அலிக்கு எனக்குப் பயம். உசிக் இடதுகைக்காரர். அலி இடதுகைக்காரர்களை அதிகம் சந்தித்ததில்லை. 1966 செப்டம்பரில் பிராங்க்பர்ட்டில் கார்ல் மில்டன்பெர்கர் என்ற இடதுகை வீரரை நிறுத்த அலிக்குப் பன்னிரண்டு சுற்றுகள் ஆயின. அண்ணன் சொல்லும் உச்சத்துக்கு இரண்டு மாதம் முன்பு நடந்தது இது! தவிர, அலி கையைத் தாழ்த்தி வைப்பார், குத்து வந்தால் தலையை நேராகப் பின்னால் இழுப்பார். என் பையன் அப்படிச் செய்தால் அன்றே திருத்துவேன். 1963-இல் ஹென்றி கூப்பரும், 1971-இல் ஃப்ரேசியரும் இடது கொக்கிக் குத்தால் (ஹூக்) அலியைத் தரையில் தள்ளியது அந்த இடைவெளியில்தான். இன்றைய பயிற்சியாளர்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அந்த ஒரு குத்துக்காகவே மூன்று மாதம் தயார் செய்வார்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

எல்லோரும் பழைய ஆளை இன்றைக்குக் கொண்டுவருகிறீர்கள். இன்றைய ஆளை அன்றைக்கு அனுப்புங்களேன்.

என் அப்பா சார்பட்டா, என் மாமா அதற்கு எதிரணியான இடியப்ப நாயக்கர் பரம்பரை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு இந்த வழக்குதான் நடக்கும், இலை காய்ந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார்கள். மாமா ஒரே கேள்வியில் எல்லோரையும் மடக்குவார்: "எத்தனை சுற்று?"

அவர் கேட்டதன் நியாயம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. 1915-இல் ஹவானாவில் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனும் ஜெஸ் வில்லார்டும் மோதியது 45 சுற்றுகளுக்கு ஒப்புக்கொண்ட சண்டை. ஜான்சன் விழுந்தது 26-ஆவது சுற்றில், வெட்டவெளி வெயிலில். 127 கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு ஃபியூரி அங்கே எத்தனையாவது சுற்றில் நிற்பார்? 1919-இல் அதே வில்லார்டை, தன்னைவிட 25 கிலோவுக்கு மேல் கனமானவரை, ஜாக் டெம்ப்சி முதல் சுற்றிலேயே ஏழு முறை வீழ்த்தினார். விழுந்தவர் எழும்வரை அருகிலேயே நின்று, எழுந்தவுடன் குத்தலாம், அன்றைய விதி அப்படி. இன்று வீழ்த்தியவர் நடுநிலை மூலைக்கு (யாருக்கும் சொந்தமில்லாத மூலை) விலகிப் போயாக வேண்டும். டெம்ப்சியின் எடை 85 கிலோ. 1950-களின் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று இருவரும் 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட்டில்தான் நிறுத்தப்படுவார்கள்.

மார்சியானோ என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அவரையும் அலியையும் 1969-இல் மயாமியில் கேமரா முன் மோதவிட்டு, முடிவைக் கணினியிடம் கேட்டார்கள். அமெரிக்காவில் காட்டிய படத்தில் மார்சியானோ 13-ஆவது சுற்றில் வென்றார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி வென்றார். முடிவு தெரியும் முன்பே மார்சியானோ விமான விபத்தில் இறந்துவிட்டார். ஊருக்கு ஒரு தீர்ப்புச் சொன்ன அந்தக் கணினியைவிட என் மாமாவை நம்புவேன்.

அண்ணா நகரிலிருந்து:

வெற்றி தோல்வியை ஆண்கள் பேசிவிட்டீர்கள். நான் நரம்பியல் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள், என் மகள் குத்துச்சண்டை பழகுகிறாள். வேறு காலத்தில் பிறந்திருந்தால் அலியின் உடம்பு எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

சென்ற ஆண்டு பயிற்சியில் மகளின் தாடையில் ஒரு குத்து விழுந்தது. விழவில்லை, நின்றாள். சிரித்தாள்கூட. ஆனால் கையுறையைக் கழற்றும்போது எந்தக் கையை முதலில் நீட்டுவது என்று தடுமாறினாள். அவளுடைய பயிற்சியாளர் அதைக் கவனித்துவிட்டார். அன்றே பயிற்சியை நிறுத்தி, மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்கும்வரை மேடைப் பக்கமே விடவில்லை. அவருக்கு நான் என்றும் கடன்பட்டவள்.

அலிக்கு அப்படி ஒருவர் இருந்தார், பேச்சுத்தான் எடுபடவில்லை. 1977-இல் எர்னி ஷேவர்ஸுடன் 15 சுற்று வாங்கிய அடிக்குப் பிறகு, அவருடைய மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ ஓய்வுபெறச் சொல்லிப் பார்த்து, கேட்காததால் விலகிக்கொண்டார். பெரம்பூர் ஐயா நேரு ஸ்டேடியத்தில் கண்ட அதே 1980-இல், அக்டோபரில், அலி மறுபடியும் லாரி ஹோம்ஸுடன் மோதினார். பத்துச் சுற்றுகள். திருப்பி அடிக்கக்கூட இயலாத ஒருவர் அடி வாங்குவதை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடியவில்லை. 1981-இல் இன்னொரு சண்டை. 1984-இல் பார்கின்சன் நோய்க்குறி உறுதியானது. அதில் குத்துச்சண்டையின் பங்கு எவ்வளவு என்று மருத்துவர்கள் விவாதித்திருக்கிறார்கள். அந்த அடிகள் வேண்டாதவை என்பதில் எனக்கு விவாதமே இல்லை.

1982-இல் தென்கொரியாவின் கிம் டுக்-கூ லாஸ் வேகாஸ் சண்டையில் 14-ஆவது சுற்றில் வீழ்ந்து சில நாளில் இறந்த பிறகுதான், 1983 முதல் பட்டச் சண்டைகள் 15 சுற்றிலிருந்து 12-க்கு வரத் தொடங்கின. வியாசர்பாடித் தம்பியின் மாமா கேட்ட கேள்விக்கு இப்படியும் ஒரு பதில் உண்டு. மணிலாவில் 1975-இல் அலியும் ஃப்ரேசியரும் ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டது கடைசிச் சுற்றுகளில். பன்னிரண்டோடு முடிந்திருந்தால் புகழ் கொஞ்சம் குறைந்திருக்கும். குறைந்தால் குறையட்டும்.

பெரம்பூரிலிருந்து மீண்டும்:

அண்ணா நகர் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்தேன். பந்தயம் கட்டுவதுபோலத் தொடங்கிய கேள்வியை அவர் சரியான இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

என் ஓட்டைச் சொல்லிவிடுகிறேன். ஃபியூரியுடன் 12 சுற்று என்றால் அலி, புள்ளிகளில். உசிக்குடன் 12 சுற்று என்றால், காசிமேட்டுத் தம்பி சொன்ன இடதுகைக் காரணத்தால், உசிக் நூலிழையில். அலியைப் பன்னிரண்டுக்கு மேல் அனுப்ப எனக்கு இப்போது மனமில்லை, அதனால் 15 சுற்றுக்கு நான் ஓட்டுப் போடவில்லை.

அடுத்து ஜோ லூயிஸைப் பேசுவோம். 1937 முதல் 1949 வரை ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்து 25 முறை காத்தவர். ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய வாத்தியார்களிடம் அவரைப் பற்றிக் கதை கேட்டவர்கள் இருந்தால் முதலில் நீங்கள் எழுதுங்கள்.