2147483647: இந்த எண்ணை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

தறிக்காரன்
ஒரு ஜவுளிக்கடைக்கு பில் போடும் மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். தீபாவளிக்கு முந்தின வாரம் முதலாளி கூப்பிட்டார். "தம்பி, கஸ்டமர் எல்லாருக்கும் ஒரே போன் நம்பரா இருக்கு." போய்ப் பார்த்தால் திரையில் மேலிருந்து கீழ்வரை 2147483647, 2147483647, 2147483647. டேட்டாபேஸில் போன் நம்பரை 'இன்ட்' என்று வைத்தது என் தவறு. 9-இல் தொடங்கும் பத்து இலக்க எண் அதில் அடங்காது. அடங்காததை எல்லாம் இந்த உச்ச எண்ணாக மாற்றி எழுதிவிட்டது. அத்தனை பேரின் நம்பரும் போனது போனதுதான். ராத்திரி தூக்கம் வராமல் தேடியபோதுதான் இது பகா எண் என்று தெரிந்தது. கணினி இங்கே நிற்பதற்கே அதுதான் காரணம் போலிருக்கிறது.

கணக்கு டீச்சர்
ஒன்பதாம் வகுப்பில் மெர்சென் எண்கள். 2-இன் அடுக்கில் 2, 3, 5, 7 போட்டு ஒன்றைக் கழித்து 3, 7, 31, 127 என்று எழுதினேன். "அடுத்தது 11" என்று பிள்ளைகளே கத்தினார்கள். 2047. கடைசி பெஞ்சில் ஒருத்தி வகுத்துக்கொண்டே இருந்தாள். "மிஸ், 23 பெருக்கல் 89. பதினொண்ணு பகா எண்தானே, அப்புறம் ஏன் உடையுது?" 13, 17, 19, 31 நிற்கும் (31-க்கு வருவதுதான் இந்த 2147483647), 23, 29 உடையும் என்று ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். அவள் கேட்டது அதை இல்லை.

இருமம்
தறிக்காரரே, காரணம் அது இல்லை. 'இன்ட்' என்பது 32 பிட், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 இடம். அதில் ஒன்று கூட்டல் கழித்தல் குறிக்குப் போக மீதி 31, அதில் அடங்கும் உச்சம் இந்த எண், அவ்வளவுதான். 16 பிட்டின் உச்சம் 32767, அது 7×31×151. 64 பிட்டின் உச்சமும் 7-ஆல் வகுபடும். போன் நம்பரை எழுத்தாகவே சேமியுங்கள், அதை யாரும் கூட்டப் போவதில்லை. ஆதார், வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே. 'ஸ்ட்ரிக்ட் மோட்' போட்டு வையுங்கள், மாற்றி எழுதாமல் பிழை காட்டும். நேரத்தை 1970 தொடக்கத்திலிருந்து 32 பிட் நொடிகளாக எண்ணும் பழைய கருவி இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். 2038 ஜனவரி 19, நம் நேரம் காலை 8:44:07-க்கு இதே எண் வரும். ஒரு பழைய கருவியில் தேதியைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். அடுத்த நொடி எண் கழித்தல் பக்கம் தாவி 1901 டிசம்பர்.

ஓய்வூதியர்
டீச்சரம்மா, அந்தப் பெண்ணுக்குப் பதில் இருக்கிறது. அடுக்கு 11 என்றால், வகுக்கும் பகா எண் 22-இன் மடங்கை விட ஒன்று கூடுதலாகத்தான் இருக்கும். 23-ம் அப்படி, 89-ம் அப்படி. 31-க்கு அது 62. அதோடு 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரவேண்டும். 2147483647-இன் வர்க்கமூலமான 46340 வரை தேடினால் போதும், அதில் இந்த இரண்டுக்கும் பொருந்தும் பகா எண்கள் நூறுக்கும் குறைவு. இது பகா எண் என்று காட்ட 1772-இல் கணித மேதை ஆய்லர் இப்படித்தான் வழியைச் சுருக்கினார். அப்போது ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் அவருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது.

எனக்கும் ஒரு கண்ணில் புரை. கால்குலேட்டர் இல்லாமல் போட்டுப் பார்த்தேன். முதலில் வருவது 311. ஈவு 6905092, மீதி 35. அந்த 35 வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கண் தெரியாத மனிதர் இந்த 35-ஐ மனதிலேயே பார்த்திருப்பார்.

கணக்கு டீச்சர்
ஐயா, 22 எங்கிருந்து வருகிறது? அவள் அதைத்தான் அடுத்துக் கேட்பாள்.