பள்ளிச் சாலையில் மிதிவண்டித் தடம்: மன்றத்திடம் எதைக் கேட்பது?

கேள்வி – தண்ணீர்மலைவாசி

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கு, ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் உள்ள ஒரு தாமானின் (வீடமைப்புப் பகுதியின்) குடியிருப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். எங்கள் வீடுகளையும் தமிழ்ப்பள்ளியையும் காலைச் சந்தையையும் இணைக்கும் நான்கு தடச் சாலையில், நடப்பவர்களுக்கும் மிதிவண்டியில் செல்பவர்களுக்கும் என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்பதை எழுதித் தருமாறு எங்கள் பகுதியைக் கவனிக்கும் மாநகர் மன்ற உறுப்பினர் கேட்டிருக்கிறார். அவராகவே முன்வந்து கேட்டிருப்பதால், இந்த வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சங்கக் கூட்டத்தில் பெரும்பாலோர், சாலையின் இடது ஓரத்தில் வண்ணம் பூசி ஒரு மிதிவண்டித் தடம் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளி விடும் நேரத்தில் பெற்றோரின் கார்கள் அந்த ஓரத்தில்தான் வரிசை பிடித்து நிற்கின்றன. தடம் வந்த பிறகும் அங்கேதான் நிற்கும். எதிர்ப்புறக் கடைவரிசையின் முன்னால் கூரையின் கீழ் செல்லும் ஐந்தடி நடைபாதையிலோ அரிசி மூட்டைகளும் எரிவாயு உருளைகளும் மோட்டார் சைக்கிள்களும் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், சந்தைக்குப் போகும் பாட்டிமார் கையில் கூடையோடு தார்ச்சாலையில் இறங்கி நடக்கிறார்கள். ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கேட்டால் எதுவுமே நடக்காமல் போய்விடுமோ என்ற அச்சமும் இருக்கிறது. எதை முதலில் கேட்பது என்று துறை அறிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1 – ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர்

வணக்கம், செயலாளர் அவர்களே. உங்கள் ஐயம் சரியானது. கோலாலம்பூரில் 2018 பிப்ரவரியில் ஐ.நா.வின் உலக நகர்ப்புற மன்ற மாநாடு நடந்த சமயத்தில், நகர மையச் சாலைகளில் நீல வண்ண மிதிவண்டித் தடங்கள் போடப்பட்டன. அவற்றின்மேல் கார்கள் நின்றதையும் மோட்டார் சைக்கிள்கள் ஓடியதையும் ஊரே பார்த்தது. வண்ணம் இடத்தைக் காட்டும், வண்டியைத் தடுக்காது. ஆகவே கடிதத்தின் முதல் கோரிக்கையாக வேகத்தைக் குறைப்பதை வையுங்கள்.

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க எடுத்துக்கொள்ளும் ஒரு நொடிக்குள் ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடுகிறது. 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், காய்ந்த சாலையில், அதே 14 மீட்டருக்குள் முற்றாக நின்றே விடுகிறது. ஒரு பிள்ளை கார்களுக்கு நடுவிலிருந்து திடீரென ஓடிவந்தால், மெதுவாக வந்த கார் நின்றுவிட்ட இடத்தை வேகமாக வந்த கார் சிறிதும் வேகம் குறையாமல் கடந்து போகும். 2020 பிப்ரவரியில் வெளியான ஸ்டாக்ஹோம் சாலைப் பாதுகாப்புப் பிரகடனம், நடப்பவர்களும் மிதிவண்டிகளும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்று வலியுறுத்தியதற்கு அடிப்படை இந்தக் கணக்குதான். நம் நாட்டில் பள்ளி வளாகப் பகுதிகளுக்கு ஏற்கெனவே 30 கிலோமீட்டர் வரம்பு இருக்கிறது. ஆனால் பலகை 30 என்று சொல்லும்போது அகன்று நேராகக் கிடக்கும் சாலை 70 போகலாம் என்று சொன்னால், ஓட்டுநர் சாலையின் பேச்சைத்தான் கேட்பார்.

எனவே சாலையின் வடிவத்தை மாற்றக் கேளுங்கள். உங்கள் சாலையின் ஒவ்வொரு தடமும் 3.5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 14 மீட்டர். நிமிர்ந்து நடக்கும் இளைஞருக்கு அதைக் கடக்க 12 நொடி போதும், நொடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 நொடிக்கு மேல் ஆகும். தடங்களை 3 மீட்டராக ஒடுக்கினால், சாலையை அகலப்படுத்தாமலேயே 2 மீட்டர் மிச்சமாகும். பள்ளி வாசலுக்கு எதிரே அந்த 2 மீட்டரை நடுவில் ஒரு திட்டாக எழுப்பினால், முதியவர் பாதிச் சாலையைக் கடந்து நின்று மூச்சு வாங்கி மறுபாதியைக் கடக்கலாம். மிதிவண்டி ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளம் என்பதால் அதைத் தள்ளிக்கொண்டு வருபவரும் பின்சக்கரம் சாலையில் நீட்டாமல் அங்கே நிற்க முடியும். 2 மீட்டருக்குக் குறைவான திட்டை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சந்திப்புகள். நம் ஊர்ச் சந்திப்புகள் பலவற்றில், விளக்குக்கு நிற்காமல் இடப்பக்கம் வளைந்து போக ஒரு கிளைவழி இருக்கிறது. ஓட்டுநரின் பார்வை வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனங்கள்மீதே இருப்பதால், இடப்பக்கம் நடைபாதையிலிருந்து இறங்குபவர் அவர் கண்ணில் படுவதில்லை. அந்தக் கிளைவழியை மூடவோ, நடப்பவர்கள் அதைக் கடக்கும் இடத்தை, அதாவது கடவையை, நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்தவோ கேளுங்கள். சாலையோர வடிகால் மூடிகளையும் ஒருமுறை நடந்து பாருங்கள். கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் மிதிவண்டியின் ஒல்லியான சக்கரம் அவற்றுக்கு இடையில் இறங்கிவிடும். குறுக்குவாக்கில் திருப்பிப் போடுவதற்குச் செலவு சொற்பம்.

மறுமொழி 2 – பட்டர்வொர்த் பெற்றோர்

பொறியாளர் ஐயா சொல்வது எல்லாம் நல்லதே. ஆனால், பள்ளிப் பிள்ளைகள் சாலையிலேயே இறங்காதபடி ஒரு நடை மேம்பாலம் கேட்பதுதான் முழுப் பாதுகாப்பு என்பது ஒரு தாயாக என் கருத்து. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு கோட்டையும் ஓட்டுநரின் நல்லெண்ணத்தையும் நம்பி அனுப்ப எனக்குத் துணிவு இல்லை.

மறுமொழி 3 – சக்கரநாற்காலியில் செல்பவன்

அக்கா, உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் மேம்பாலத்தின் படிகளை என்னால் ஏற முடியாது. மின்தூக்கி வைத்தால் அது பழுதாகும் நாளில் நான் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். முழங்கால் வலியுள்ள முதியவர்களும் கூடையோடு அத்தனை படி ஏறி இறங்க மாட்டார்கள்; பாலத்துக்குக் கீழேயே சாலையைக் கடப்பார்கள். பாலம் வந்துவிட்டதால் வாகனங்களும் இன்னும் வேகமாகத்தான் வரும்.

கடிதத்தில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் ஏறாதிருக்க வாசலில் இரும்புக் கம்பிகளை வளைத்துத் தடுப்பு வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மோட்டார் சைக்கிளின் கைப்பிடி அகலமும் என் நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே, அதாவது 70 சென்டிமீட்டர் அளவு. அதைத் தடுக்கும் எந்த இடைவெளியும் என்னையும் தடுக்கும். மோட்டார் சைக்கிள்களுக்கு அருகிலேயே நிறுத்துமிடம் ஒதுக்கி, மீறுவோருக்கு அபராதம் விதிப்பதே முறை. நம் நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களையும் மெதுவான, பாதுகாப்பான சாலைக்குள் கொண்டுவருவதே நியாயம்.

மீண்டும் – தண்ணீர்மலைவாசி

மூவருக்கும் நன்றி. தாயாரின் கவலையைக் கடிதத்தில் மதிப்போடு குறிப்பிட்டு, மேம்பாலத்துக்குப் பதிலாக உயர்த்திய கடவையையும் நடுத்திட்டையும் கேட்கலாம் என்று தோன்றுகிறது. இவற்றில் எதை மன்றமே செய்ய முடியும், எதற்கு வேறிடம் போக வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெளிவாகவில்லை.

மறுமொழி 4 – நகரத் திட்டமிடல் படித்தவர்

முதலில் சாலை யாருடையது என்று எழுத்து மூலம் கேட்டு உறுதிசெய்யுங்கள். கூட்டரசுச் சாலையாக, அதாவது மத்திய அரசின் சாலையாக, இருந்தால் பொதுப்பணித் துறையின் இசைவு இல்லாமல் ஒரு கல்லைக்கூட நகர்த்த முடியாது. வேக வரம்பு 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருவதால், அதை மன்றம் தன்னிச்சையாக மாற்ற இயலாது. ஆனால் மன்றத்தின் பராமரிப்பில் உள்ள சாலையில் கோடுகள், கடவைகள், நடைபாதை, வடிகால் மூடிகள் ஆகியவை மன்றத்தின் வேலைகளே. சாலையின் வடிவத்தைக் கேட்கும்படி பொறியாளர் சொன்னதற்கு இது இன்னொரு வலுவான காரணம்.

ஐந்தடி நடைபாதையைப் பொறுத்தவரை புதிய விதி எதுவும் தேவையில்லை. அதை அடைத்து வைப்பதைத் தடைசெய்து, அடைத்ததை அகற்றும் அதிகாரத்தை 1974 தெரு, வடிகால், கட்டடச் சட்டம் உள்ளூராட்சிக்கு ஏற்கெனவே தந்திருக்கிறது. கடைக்காரர்களோடு சங்கம் முன்கூட்டியே பேசி, சரக்கு இறக்க ஒரு நேரத்தையும் இடத்தையும் ஒத்துக்கொண்டு, அந்த உடன்பாட்டைக் கடிதத்தோடு இணைத்தால் பகை வளராது. அவர்களும் உங்கள் அண்டை வீட்டார்தான்.

நீண்டகாலத்துக்கு, 1976 நகர், நாட்டுப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி தயாராகும் உள்ளூர்த் திட்டத்தின் (எந்த நிலம், எந்தச் சாலை எப்படி அமைய வேண்டும் என்று வகுக்கும் திட்டத்தின்) வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது, உங்கள் சாலைக்கு என்ன குறித்திருக்கிறார்கள் என்று பார்த்து, குறித்த காலத்துக்குள் ஆட்சேபமோ ஆலோசனையோ எழுதிக் கொடுங்கள். வரைபடத்தில் அகலப்படுத்தப்பட வேண்டிய சாலை என்று ஒரு முறை இடம்பெற்றுவிட்டால், அதைப் பிறகு ஒடுக்கக் கேட்பது மிகக் கடினம்.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்தச் சாலைக்கு அடுத்து எப்போது புதிய தார் போடப்படும் என்று மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். புதிய தார் விழுந்ததும் கோடுகளை எப்படியும் மறுபடி போட்டாக வேண்டும்; அப்போது 3.5 மீட்டருக்குப் பதில் 3 மீட்டரில் கோடு போட ஏறக்குறைய கூடுதல் செலவே இல்லை. பேருந்து செல்லும் தடத்தை மட்டும் சற்று அகலமாக விடச் சொல்லுங்கள். குத்தகையாளருக்குப் பணி ஆணை போவதற்கு முன்பே உங்கள் கடிதமும் ஓர் அளவுப்படமும் மன்றத்தின் பொறியியல் பிரிவில் இருக்க வேண்டும்.