மறு: 'நடத்தை விரக்தி' வேண்டாம், 'அசையா நேரம்' போதும்

வணக்கம்.

மூலிகைகளை எலிகளில் சோதிக்கும் ஆய்வுகளைப் பற்றி நாம் தமிழில் எழுதும் கட்டுரைகளுக்கு, 'behavioural despair' என்பதற்கு 'நடத்தை விரக்தி' என்று அண்ணன் முன்வைத்த சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. மூலத்துக்கு நேரான சொல்தான். கட்டாய நீச்சல் சோதனையில் எலி அசையாமல் மிதப்பதற்கு, 1977இல் போர்சோல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் வைத்த பெயரே அதுதான். கோளாறு அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அந்தச் சோதனையில் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஏறிவர முடியாத உயரத்தில் ஒரு கண்ணாடி உருளை, உள்ளே தண்ணீர். சுண்டெலி முதலில் சுற்றிச் சுற்றி நீந்தும், சுவரைப் பிறாண்டும். அப்புறம் ஓய்ந்துவிடும், மூக்கு மட்டும் மேலே இருக்கும் அளவுக்குக் காலை லேசாக அசைத்தபடி மிதக்கும். வழக்கமாக 6 நிமிடம் விட்டு, கடைசி 4 நிமிடத்தில் எத்தனை விநாடி அப்படி மிதந்தது என்று அளப்பார்கள். மனச்சோர்வு மருந்தான இமிப்ரமின் கொடுத்தால் அந்த நேரம் குறையும். மூலிகைக்கும் குறைந்தால், மனச்சோர்வைப் போக்கும் தன்மை இருக்கலாம் என்பார்கள். எலி விரக்தியடைந்ததா, அல்லது துடித்துப் பயனில்லை என்று தெரிந்துகொண்டு தெம்பை மிச்சம் பிடித்ததா? ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. போதாக்குறைக்கு, வெறும் சுறுசுறுப்பூட்டும் கஃபீன் கொடுத்தாலும் மிதக்கும் நேரம் குறையும். அதனால்தான், எலியை ஒரு திறந்த பெட்டியில் உலவவிடும் 'திறந்தவெளிச் சோதனை'யில் அதன் நடமாட்டத்தையும் தனியாக அளக்கிறார்கள்.

நம் கட்டுரைகளை ஆய்வகத்தார் மட்டுமா படிக்கிறார்கள்? 'வல்லாரை விரக்தியைக் குறைத்தது' என்று எழுதினால், மறுநாளே சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாகக் கீரை வாங்கி, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிடும் மாமாக்கள் நம் வீடுகளிலேயே உண்டு. 'எலியின் அசையா நேரம் குறைந்தது' என்றால் அந்த ஆபத்து இல்லை. 'அசைவின்மை'யும் சரிதான், ஆனால் விநாடிக் கணக்கோடு ஒட்டவில்லை.

'extract' என்பதற்குச் சொல்லப்பட்ட 'சாறு' பற்றி: இலையை உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து, வடித்து, எத்தனாலை ஆவியாக்கிய பின் மிஞ்சும் பசையைச் சாறு என்பது பொருந்தாது. சித்த மருத்துவத்தின் 'சத்து' இங்கே ஊட்டச்சத்தாகிவிடும். என் வாக்கு 'வடிசாரம்'.

எலியை வாலால் தொங்கவிட்டு அசையா நேரத்தை அளக்கும் 'tail suspension' சோதனைக்கு 'வாலில் தூக்கிலிடல்' தயவுசெய்து வேண்டாம், நீதிமன்றச் செய்தி போல இருக்கிறது. 'வால்தொங்கல் சோதனை' போதும். ஆனால் சி57 என்ற ஆய்வக வகைக் கறுப்புச் சுண்டெலிகள் சில, தொங்கவிட்டதும் தம் வாலையே பற்றி மேலே ஏறிவிடும். அவற்றைப் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. இதற்கு 'வாலேறல்' எனலாமா?