'டெத் மேக்னடிக்' மட்டும் கரகரக்கிறது: ஹெட்போன் கோளாறா?

ரிஃப்பன்: வணக்கம். போன வாரம் புது ஹெட்போன் வாங்கினேன். மெட்டாலிகா என்ற மெட்டல் இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' சிடியைப் போட்டால் டிரம் அடி விழும் இடமெல்லாம் கரகரவென்கிறது. வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் போகவில்லை. ஒயரை மாற்றிப் பார்த்தாயிற்று. திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது. கொடுத்துவிடவா?

பழைய_கேசட்: அவசரப்படாதீர்கள் தம்பி. அதே ஹெட்போனில் அவர்களுடைய பழைய ஆல்பம் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கேட்டுப் பாருங்கள்.

ரிஃப்பன்: கேட்டேன் அண்ணா. சுத்தமாக இருக்கிறது.

மிக்ஸர்: அப்படியென்றால் ஹெட்போன் தப்பித்தது. கோளாறு சிடியிலேயே இருக்கிறது. ஒரு பாட்டைக் கணினியில் ஏற்றி ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் திறந்து, டிரம் அடி விழும் இடத்தைப் பெரிதாக்குங்கள். அலையின் உச்சி கத்தரியால் நறுக்கினாற்போல் தட்டையாக இருக்கும். மெல்லிய ஒலி, உரத்த ஒலி எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்கு ஏற்றி நசுக்கியதால் வந்த வினை; வால்யூமைக் குறைத்தால் நறுக்கினது ஒட்டாது.

2008இல் வெளிவந்தபோதே இதற்குப் பெரிய ரகளை. மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த டெட் ஜென்சன், தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் (குரலையும் கருவிகளையும் கலந்த பதிவு) நசுங்கித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் இவ்வளவு நசுங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்ட ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். மறுபடி மிக்ஸ் செய்யச் சொல்லி 10,000 பேருக்கு மேல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். இத்தனைக்கும் பாட்டுகளுக்கு நல்ல விமர்சனம்தான். 2003இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் ஸ்னேர் டிரம் எழுப்பிய தகர டப்பா ஓசைக்குப் பிறகு, பழைய ஆட்கள் திரும்பிவிட்டார்கள் என்றே பலர் எழுதினார்கள். ஆனாலும் இன்றைக்கு இந்த ஆல்பத்தின் பேரை எடுத்தால் பேச்சு ஒலியில்தான் போய் நிற்கிறது.

பழைய_கேசட்: எனக்கு அந்த முரட்டுத்தனம் பிடிக்கும், மூன்று பாட்டு வரைக்கும். அப்புறம் காது வலிக்கும். ஆமாம், அடுத்து 1988இல் வந்த அவர்களுடைய '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தைப் போட்டுவிட்டு 'பேஸ் வரவில்லை' என்று இன்னோர் இழை தொடங்கிவிடாதீர்கள். ஜேசன் நியூஸ்டெட் வாசித்த பேஸ் கிட்டாரை மிக்ஸிலேயே அமுக்கிவிட்டார்கள்.

ரிஃப்பன்: ஆடாசிட்டியில் பார்த்தேன். செங்கல் அடுக்கி வைத்தது போல் இருக்கிறது! வேறு நல்ல பதிப்பு இல்லையா?

மிக்ஸர்: 2015இல் ஐடியூன்ஸுக்காக மறுபடி மாஸ்டர் செய்தது இருக்கிறது. அதில் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

ரிஃப்பன்: கேட்டேன், சரியாகிவிட்டது. ஹெட்போனைத் திருப்பவில்லை. நன்றி அண்ணா, நன்றி மிக்ஸர்.