புதுப்பிப்பு: உபுண்டு 22.04-இல் ஃபயர்பாக்ஸ் மெதுவாகத் திறந்த சிக்கல் தீர்ந்தது

ஏற்காட்டில் எங்கள் காபித் தோட்ட அலுவலகத்துப் பழைய லேப்டாப்பில், உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தோடு வந்த ஸ்னாப் (தனக்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் சேர்த்தே கொண்டுவரும் பொதி வகை) ஃபயர்பாக்ஸ் திறக்க ரொம்ப நேரமாகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஸ்னாப்பை நீக்கிவிட்டு, ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் ஏபிடி களஞ்சியத்திலிருந்து (உபுண்டுவின் நிறுவல் கருவியான ஏபிடி மென்பொருளை எடுக்கும் இணையக் கிடங்கு) டெப் பதிப்பைப் (ஏபிடி நிறுவும் வழக்கமான பொதி வகை) போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. களஞ்சியத்தைச் சேர்த்தால் மட்டும் போதாது. அதற்கு முன்னுரிமை 1000 என்று ஏபிடி அமைப்பில் குறித்து வையுங்கள் (இதைத்தான் pin செய்வது என்கிறார்கள்), இல்லையென்றால் ஏபிடி மறுபடியும் ஸ்னாப்பையே கொண்டுவரும். இப்போது ஐகானைத் தட்டியதும் ஜன்னல் வந்து நிற்கிறது.

எதிர்பாராதது ஒன்று: புது ஃபயர்பாக்ஸில் புக்மார்க், கடவுச்சொல் எதுவும் இல்லை. ஸ்னாப்பின் புரொஃபைல் (இவையெல்லாம் சேமிக்கப்படும் இடம்) ஹோம் ஃபோல்டரில் உள்ள ஸ்னாப் ஃபோல்டருக்குள் தனியாக இருக்கிறது. முதலில் அதை நகலெடுங்கள், அப்புறம் ஸ்னாப்பை நீக்குங்கள். தமிழ் மெனு வேண்டுமென்றால் மொழிப்பொதியைத் தனியாக நிறுவ வேண்டும், அதுவும் அதே களஞ்சியத்தில் கிடைக்கிறது.